ஒரே விலை: பேர் தெரியாத 850 வாட்டா, 650 வாட் கோல்டா?

மின்மினி:
புது பிசி சேர்க்கிறேன். ப்ராசஸர் ரைசன் 5 7600, கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4070, ரெண்டு எஸ்எஸ்டி, நாலு ஃபேன். பாக்கி எஸ்எம்பிஎஸ் மட்டும்தான், அதாவது சுவர் கரண்டை பிசிக்கு ஏத்த மாதிரி மாத்திக் கொடுக்கிற பெட்டி. கிட்டத்தட்ட ஒரே விலையில ரெண்டு கிடைக்குது. ஒண்ணு, பேரே கேள்விப்படாத கம்பெனியோட 850 வாட். இன்னொண்ணு, எல்லாருக்கும் தெரிஞ்ச கம்பெனியோட 650 வாட் கோல்டு (கரண்ட் கம்மியா வீணாகும்னு சொல்ற 80 ப்ளஸ் சான்றுல ஒரு தரம்). 200 வாட் கூட வருதேன்னு மனசு 850 பக்கம் சாயுது. எது எடுக்கலாம்?

இரும்புக்கை:
850. அசெம்பிள் பண்றதுதான் எனக்குத் தொழில். பவர் பத்தாம கேம் நடுவுல ஆஃப் ஆகுதுன்னு வந்த மெஷின் நிறைய உண்டு. வாட் ஜாஸ்தியாப் போச்சுன்னு எவரும் தூக்கிட்டு வந்ததில்ல. கார்டை ரெண்டு தடவை மாத்தினாலும் எஸ்எம்பிஎஸ் அப்படியே இருக்கணும்.

கடுகு:
அந்த 850 யார் சொன்ன 850, அண்ணே? அட்டைப்பெட்டியில நம்பர் போட மை இருந்தாப் போதும். மின்மினி, யூனிட் பக்கவாட்டுல ஒரு லேபிள் ஒட்டியிருப்பாங்க. அதுல 12 வோல்ட்டுக்குக் கீழ எத்தனை ஆம்ப்னு பாத்து 12ஆல பெருக்குங்க. ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்லதான் கரண்ட் இழுக்குது. 3.3 வோல்ட், 5 வோல்ட் லைன்ல அள்ளிக் கொடுத்து மொத்தக் கணக்கை ஏத்திக் காட்டுறது பழைய வித்தை.

வால்நட்சத்திரம்:
எப்படியும் 80 ப்ளஸ்னா 80 சதவீதம்தானே வெளிய வரும்? 650 வாங்கினா கையில 520 தான். அந்தக் கணக்குலயும் 850 தான் நல்லது.

கடுகு:
இல்லைங்க. 650ன்னா கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிறதே 650. வீணாகிறது சுவர் பிளக் பக்கம். 300 வாட் கொடுக்க, 90 சதவீத யூனிட் சுவர்லேர்ந்து சுமார் 333 வாட் எடுக்கும். 85 சதவீத யூனிட் 353 எடுக்கும். நடுவுல இருக்கிற 20 வாட் சூடா வெளிய போகும், கரண்ட் பில்லுல ஏறும். அவ்வளவுதான்.

மின்மினி:
ரெண்டு லேபிளையும் பாத்தேன். 850 வாட்ல 12 வோல்ட் 38 ஆம்ப்னு இருக்கு. 650ல 54 ஆம்ப்.

கடுகு:
38ஐ 12ஆல பெருக்கினா 456. 54ஐப் பெருக்கினா 648. எது பெருசு?

இரும்புக்கை:
சரி, அந்த டப்பாவை விடுங்க. அதை நான் என் கடை எலிக்கும் மாட்ட மாட்டேன். ஆனா நான் சொன்னது வாட் விஷயம். 650 கோல்டு வேண்டாம், அதே கம்பெனியோட 850 கோல்டுக்குப் போங்க. கொஞ்சம் கூட ஆகும், ஆகட்டும்.

கடுகு:
எதுக்கு? 4070க்கு 200 வாட். 7600க்கு 65ன்னு எழுதியிருந்தாலும் 88 வரைக்கும் போகும். போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாத்துக்கும் தாராளமா 60 வைங்க. 348. கார்டோட சிப் செய்யுற என்விடியாவே இந்தக் கார்டுக்கு 650 போதும்னுதான் சொல்லுது, அதுவே கைகாவலா கூட்டிச் சொல்ற நம்பர்.

இரும்புக்கை:
348 சராசரி, தம்பி. கார்டு சராசரியாவா இழுக்குது? கண் இமைக்கிறதுக்குள்ள ரெண்டு மடங்கு இழுத்துட்டு இறங்கிடும். முந்தின தலைமுறை 3080, 3090 கார்டு வந்த புதுசுல என்ன நடந்துச்சு? 750 வாட் நல்ல யூனிட்டே பாதுகாப்புல ட்ரிப் ஆகி பிசி பொசுக்குன்னு அணைஞ்சுது. கணக்குப் பாத்தா அங்கேயும் வாட் போதும்தான்.

கடுகு:
அதுக்குத்தானே 2022ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கான ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை வந்துச்சு? கார்டுக்குக் கரண்ட் கொடுக்கிற 16 பின் கனெக்டரோட வர்ற, 450 வாட்டுக்கு மேற்பட்ட யூனிட், தன் அளவுல ரெண்டு மடங்கை 100 மைக்ரோ செகண்டுக்குத் தாங்கணும்னு அதுல இருக்கு. 650 வாட் யூனிட்னா 1300. 4070 அங்க வரைக்கும் எட்டிக்கூடப் பாக்காது.

இரும்புக்கை:
அவர் பாத்த 650 ஏடிஎக்ஸ் 3 தானா? கேட்டீங்களா? கோல்டுன்னதும் கண்ணை மூடிட்டீங்க. பழைய டிசைன்லயும் கோல்டு ஸ்டிக்கர் இருக்கு. அந்த ஸ்டிக்கர் சொல்றது ஒண்ணே ஒண்ணு: எத்தனை சதவீதம் வீணாகுது. 12 வோல்ட்ல ரிப்பிள், அதாவது வோல்ட்டேஜோட சின்னச் சின்ன ஏத்த இறக்கம், 120 மில்லிவோல்ட்டுக்குள்ள நிக்குதா, ஷார்ட் ஆனா அணையுமா, சூடானா அணையுமா, உள்ள இருக்கிற கெப்பாசிட்டர் 105 டிகிரி சூடு தாங்குற ரகமா 85 டிகிரி ரகமா, எதையும் அது சொல்லாது. பெட்டி நம்பரை நம்பாதேன்னு எனக்குப் பாடம் எடுத்துட்டு நீங்க ஸ்டிக்கரை நம்புறீங்க.

கடுகு:
இது நியாயமான அடி. மின்மினி, மாடல் பேரை வச்சுத் தேடுங்க. யூனிட்டைப் பிரிச்சு, லோடு கொடுத்து, ரிப்பிள் அளந்து போட்ட ரிவ்யூ இருந்தா வாங்குங்க. பெட்டியைத் திறந்து அழகைக் காட்டுற வீடியோ கணக்குல வராது.

ஆனா 850ஐ நான் இன்னும் ஒத்துக்கல. இந்த பிசி பாதி நேரம் பிரவுசரும் பாட்டுமா 60 வாட்லதான் ஓடும். 850 யூனிட்டுக்கு அது 7 சதவீதம். கோல்டு சோதனை 20 சதவீத லோடுலதான் ஆரம்பிக்குது. அதுக்குக் கீழ எப்படி நடந்துக்கும்னு அந்த ஸ்டிக்கர் பேசாது. பொதுவா இறங்கும்.

இரும்புக்கை:
இறங்கினா எவ்வளவு? மூணு வாட், நாலு வாட். கேம் ஆடும்போது பாருங்க. 850ல அது பாதி லோடுக்கும் கீழ. ஃபேன் மெதுவாச் சுத்தும், சூடு கம்மி. கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி குறைஞ்சா ஆயுசு ஏறக்குறைய ரெட்டிப்பு. உங்க நாலு வாட்டை நீங்களே வச்சுக்குங்க.

வால்நட்சத்திரம்:
அப்போ 1200ஏ வாங்கிடலாமே, சத்தமே வராது.

இரும்புக்கை:
வாங்கினா தப்பில்ல. காசு யாருதுங்கிறதுதான் கேள்வி.

மின்மினி:
நடுவுல ஒரு சந்தேகம். பழைய பிசியோட மாடுலர் (எஸ்எம்பிஎஸ்லேர்ந்து கழட்டி மாட்டுற) கேபிள் எல்லாம் புதுசு மாதிரியே இருக்கு. எஸ்எம்பிஎஸ் மட்டும் மாத்தி அதே கேபிளைச் செருகிக்கலாமா?

கடுகு:
வேண்டவே வேண்டாம்!

இரும்புக்கை:
தொடாதீங்க. கார்டு பக்கம், போர்டு பக்கம்தான் பின் அமைப்பு பொது. எஸ்எம்பிஎஸ் பக்கம் கம்பெனிக்கு ஒரு மாதிரி, சில சமயம் ஒரே கம்பெனியில மாடலுக்கு ஒரு மாதிரி. செருகினா கச்சிதமா உட்காரும், ஸ்விட்ச் போட்டதும் 5 வோல்ட் போக வேண்டிய இடத்துல 12 வோல்ட் போயி எஸ்எஸ்டி காலி. வாரம் தவறினாலும் இந்தக் கேஸ் தவறாது. இதுல கடுகுவும் நானும் ஒரே கட்சி.

மின்மினி:
நல்லவேளை கேட்டேன். மாடலைத் தேடிப் பாத்தேன், அந்த 650 ஏடிஎக்ஸ் 3.1. பிரிச்சு அளந்த ரிவ்யூவும் இருக்கு, ரிப்பிள் 30 மில்லிவோல்ட்டைத் தாண்டல. அதையே எடுக்கிறேன். 850 கோல்டு என் பட்ஜெட்ல இல்ல.

இரும்புக்கை:
எடுங்க, நல்ல யூனிட்தான். ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு வாங்குற அன்னிக்கு என்கிட்ட வாங்க. அதுக்கு 575 வாட், எஸ்எம்பிஎஸ் 1000 வேணும்னு என்விடியாவே எழுதியிருக்கு.

கடுகு:
5090 வாங்குறவர் எஸ்எம்பிஎஸ் விலையைப் பாத்தா கவலைப்படப் போறார்? மின்மினி, 16 பின் கனெக்டரை முழுசா உள்ள தள்ளுங்க, பக்கத்துலயே மடக்காதீங்க. உங்க கார்டுல 8 பின் இருந்தா இந்தத் தொல்லையே இல்ல. அதுல 150 வாட், கார்டைச் செருகுற போர்டு ஸ்லாட்ல 75 வாட், தாராளமாப் போதும்.

வால்நட்சத்திரம்:
என்கிட்ட பழைய 450 ஒண்ணு இருக்கு, லேபிள் கிழிஞ்சு போச்சு. எத்தனை ஆம்ப்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இரும்புக்கை:
கண்டுபிடிக்காதீங்க. கழட்டி வைங்க.