எஸ்டிஆர் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

திருவண்ணாமலை ஆசிரியை, திங்கள் காலை

குழுவினருக்கு வணக்கம். தமிழ்வழியில் இளங்கலைப் பொருளியல் படிக்கும் பிள்ளைகளுக்காகப் பன்னாட்டு நாணய நிதியம் பற்றிப் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். எஸ்டிஆர் என்ற இடத்தில் வந்து நிற்கிறேன். ஆங்கிலத்தில் ஸ்பெஷல் டிராயிங் ரைட்ஸ், நிதியம் தன் உறுப்பு நாடுகளுக்குக் கொடுக்கும் ஒரு கையிருப்புச் சொத்து. கையில் இருக்கும் பழைய குறிப்பு அதைச் 'சிறப்பு வரைதல் உரிமை' என்கிறது. போன வாரம் ஒரு மாணவி எழுந்து, "யார் மிஸ், எதை வரையுறாங்க?" என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அதே சந்தேகம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எஸ்டிஆர் நாடுகளுக்குக் கோட்டாவின், அதாவது நிதியத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் உள்ள பங்கின், விகிதத்தில் கொடுக்கப்படுகிறது. கோட்டாவும் நமக்கு ஒதுக்கீடு, கொடுப்பதும் ஒதுக்கீடு. 'ஒதுக்கீட்டின் விகிதத்தில் ஒதுக்கீடு செய்யப்படும்' என்று எழுதிவிட்டு நானே அடித்துவிட்டேன். உதவுங்கள்.

கோவை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திங்கள் மதியம்

அம்மா, இதில் குழப்பத்துக்கே இடமில்லை. கடைக்காரர் தன் கடைக் கல்லாவிலிருந்து வீட்டுச் செலவுக்குப் பணம் எடுத்தால் அதை எந்தக் கணக்கில் எழுதுகிறோம்? எடுப்புகள் கணக்கு. பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் படித்த பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஆகவே சிறப்பு எடுப்பு உரிமை. குற்றியலுகரம் கெட்டுச் சேர்ந்தால் எடுப்புரிமை. முடிந்தது.

தஞ்சைப் புலவர், திங்கள் இரவு

முடியவில்லை ஐயா. வரைதலை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. வங்கியில் நாற்பது ஆண்டு இருந்த தாங்கள் எத்தனை வரைவோலை (டிராஃப்ட்) எழுதியிருப்பீர்கள்! அந்த வரைவு எங்கிருந்து வந்தது? வரை என்றால் மலை, மூங்கில், எல்லை. வரையறை அதிலிருந்து வருகிறது. அகப்பொருளில் வரைவு என்றால் திருமணம், இவள் இன்னாருக்கு உரியவள் என்று ஊரறிய உறுதி செய்வது. ஆக, இவ்வளவு உனக்கு உரியது என்று எல்லை வகுத்து உறுதி செய்த உரிமை வரைவுரிமை. நாம் தேடும் பொருள் முழுவதும் அதற்குள் இருக்கிறது. மாணவிக்கு ஓவியம் மட்டும் நினைவுக்கு வந்தது சொல்லின் குறையன்று. நாம் சொல்லிக்கொடுக்காத குறை.

எடுப்பு என்றால் என்ன? எடுப்புச் சாப்பாடு, எடுப்பான மூக்கு, தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம். ஒரு நாட்டின் கையிருப்புக்கு வைக்கிற பெயரா இது?

யாழ்ப்பாணத்து உறுப்பினர், செவ்வாய் காலை

வணக்கம். எங்கட பக்கம் எடுப்பனவு என்ற சொல் இருக்கிறது. கொடுப்பனவு, கொள்வனவு மாதிரி. சிறப்பு எடுப்பனவு உரிமை என்று இங்கே எழுதிப் பழக்கம். பேப்பர் வாசிக்கிற ஆட்களுக்கும் விளங்கும். 2021 ஆகஸ்டில் எஸ்டிஆராக இலங்கைக்குச் சுமார் 78.7 கோடி டாலர் வந்தது. அடுத்த ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அரசு அறிவித்தது. 2023 மார்ச்சில் நிதியம் ஒப்புக்கொண்ட உதவியும் எஸ்டிஆர் கணக்கில்தான், 228.6 கோடி, டாலரில் 300 கோடி அளவு. இந்தச் சொல் எங்களுக்குப் பாடப்புத்தகச் சொல் அல்ல. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிண்டபோது காதில் விழுந்த சொல்.

தஞ்சைப் புலவர், செவ்வாய் மதியம்

தம்பி சொன்னது நெஞ்சைத் தொட்டது. ஆனாலும் இலக்கணத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எடுப்பன என்பது ஏற்கெனவே பலவின்பால் வினையாலணையும் பெயர். அதன்மேல் ஒரு 'வு' எதற்கு?

யாழ்ப்பாணத்து உறுப்பினர், செவ்வாய் மதியம்

ஐயா, கொள்வனவு என்று எத்தனையோ வருசமாகச் சொல்லுறம், எழுதுறம். மொழி அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. 'வு' இல்லாமல் எழுதினால்தான் இங்கே பிழை என்பார்கள்.

மதுரை, மொழிபெயர்ப்பாளர், செவ்வாய் மாலை

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். ஆங்கிலத்தில் 'டிரா' என்ற சொல்லுக்கு அடிப்பொருள் இழுப்பது. பேனாவை இழுத்தால் கோடு. நாமும் 'கோடு இழு' என்கிறோம். கிணற்றில் வாளியை இழுத்தால் தண்ணீர். அதற்கு நம்மிடம் அருமையான வினை இருக்கிறது: சேந்துதல். எங்கள் பாட்டி ஒருநாளும் தண்ணீர் எடுத்ததில்லை, சேந்தினார். ஆகவே சேந்துரிமை. நிதியம் கிணறு, உறுப்பு நாடுகள் ஊர் மக்கள். ஒருமுறை கேட்டால் மறக்காது. முகத்தல் என்றும் ஒரு வினை உண்டு, முகத்தல் அளவை அதிலிருந்து வந்தது. ஆனால் முகப்புரிமை என்றால் வீட்டு வாசல் நினைவுக்கு வரும் என்பதால் விட்டுவிட்டேன்.

திருவண்ணாமலை ஆசிரியை, செவ்வாய் இரவு

சேந்துரிமை காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் பொருள் தவறு. நான் வகுப்பில் மல்லுக்கட்டுவதே இந்த இடத்தில்தான். எஸ்டிஆர் நிதியத்தின் கிணற்றில் கிடக்கும் பணம் இல்லை. அது நாணயமும் இல்லை, நிதியம் திருப்பித் தர வேண்டிய கடனும் இல்லை. ஒரு நாடு தன் எஸ்டிஆரை இன்னொரு உறுப்பு நாட்டிடம் கொடுத்து, அந்த நாட்டின் கையிலிருக்கும் டாலரையோ யூரோவையோ வாங்கிக்கொள்ளலாம். நிதியம் நடுவில் நின்று ஏற்பாடு செய்கிறது. தண்ணீர் பக்கத்து வீட்டுக் கிணற்றில் இருக்கிறது. நம் கையில் இருப்பது சேந்திக்கொள்ளலாம் என்ற சீட்டு.

சொல் எதுவானாலும் சரி, இந்தச் சீட்டுத்தன்மை அதில் தெரிய வேண்டும். நிதியம் பணம் அச்சடித்துக் கொடுக்கிறது என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். 2021இல் 45,650 கோடி எஸ்டிஆர், அதாவது சுமார் 65,000 கோடி டாலர், ஒரே நாளில் உலகமெங்கும் கணக்கில் ஏறியது. இந்தியாவுக்கு 1,257 கோடி எஸ்டிஆர். இவ்வளவு பெரிய தொகையைப் பார்த்தால் யாருக்கும் அச்சகம்தான் நினைவுக்கு வரும்.

சென்னை, கணினித் துறை, செவ்வாய் இரவு

பக்கத்து வீடு என்று வந்துவிட்டதால் சொல்கிறேன்: கைமாற்று உரிமை. அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் வாங்குவதற்கு நம் ஊரில் இதுதானே பெயர்?

கோவை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், புதன் காலை

தம்பி, கைமாற்றுக்கு வட்டி கிடையாது. இங்கே உண்டு. உனக்குக் கொடுத்ததைவிடக் குறைவாகக் கையில் வைத்திருந்தால் அந்தக் குறைக்கு வட்டி கட்ட வேண்டும். கூடுதலாக இருந்தால் வட்டி வரும். அதோடு கைமாற்றைத் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும். எஸ்டிஆரை இன்ன தேதிக்குள் மீட்டாக வேண்டும் என்று விதி இல்லை.

சேலம், பொருளியல் ஆய்வாளர், புதன் மதியம்

நான் வேறு பக்கம் போகிறேன். அதன் மதிப்பு ஐந்து நாணயங்களைச் சேர்த்த கூடையிலிருந்து வருகிறது. 2022 கணக்குப்படி டாலர் 43.38 விழுக்காடு, யூரோ 29.31, சீன யுவான் 12.28, யென் 7.59, பவுண்டு 7.44. ஐந்திணை, ஐம்பொறி போல ஐநாணயம் என்று சொல்லலாமா?

திருவண்ணாமலை ஆசிரியை, புதன் மதியம்

எண்ணிக்கை மாறினால் பெயர் பொய்யாகிவிடுமே. 1974இல் கூடை வந்தபோது அதில் 16 நாணயங்கள். 1981இல் ஐந்து. யூரோ வந்து மார்க்கையும் பிராங்கையும் விழுங்கியதும் நான்கு. 2016 அக்டோபரில் யுவான் சேர்ந்து மறுபடி ஐந்து. அதற்கெல்லாம் முன்னால், 1969இல், கூடையே இல்லை. ஓர் எஸ்டிஆர் 0.888671 கிராம் தங்கம், அன்றைக்கு ஒரு டாலர். காகிதத் தங்கம் என்ற செல்லப்பெயர் அப்போது வந்தது.

இந்தப் பெயரே சண்டையில் பிறந்ததுதான். அமெரிக்கா புதிய கையிருப்புச் சொத்து வேண்டும் என்றது. பிரான்சு, அது பணமாக இருக்கக் கூடாது, கடன் வசதியாக இருக்கட்டும் என்றது. 1967இல் ரியோ டி ஜெனிரோவில் உடன்பாடு வந்தபோது இரண்டு பக்கமும் தங்களுக்கு வேண்டிய பொருளைப் படித்துக்கொள்ளும்படி ஒரு பெயர் வைத்தார்கள். மூலத்திலேயே தெளிவில்லாத சொல் இது. தமிழில் நாம் தெளிவாக்கினால் அது நமக்குக் கிடைத்த வாய்ப்பு.

தஞ்சைப் புலவர், புதன் இரவு

அருமை அம்மா. அப்படியானால் 'சிறப்பு' என்பதையும் விசாரித்தே ஆகவேண்டும். சிறப்பு என்றால் உயர்வு. பழைய வழக்கில் திருவிழா. இங்கே அந்த உயர்வு ஏதும் இல்லை. நிதியத்தில் முன்பே இருந்த பொதுவான எடுப்பு வசதியிலிருந்து வேறானது, அவ்வளவுதான். 'தனி' என்பதே சரி. தனி வரைவுரிமை.

ஒதுக்கீட்டுச் சிக்கலுக்கு வள்ளுவரிடம் விடை இருக்கிறது. இயற்றலும் ஈட்டலும் காத்தலும் சொன்னவர், காத்ததை வகுத்தலையும் அரசின் திறமையாகச் சொன்னார். கோட்டாவைப் பங்களவு என்றும், எஸ்டிஆர் கொடுப்பதை வகுத்தளிப்பு என்றும் வையுங்கள். பங்களவின் விகிதத்தில் வகுத்தளிப்பு.

திருவண்ணாமலை ஆசிரியை, புதன் இரவு

இதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன் ஐயா. மனமார்ந்த நன்றி. பங்களவில் இன்னொரு வசதியும் இருக்கிறது. வாக்குப் பலமும் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. புதிய வகுத்தளிப்புக்கு 85 விழுக்காடு வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் ஏறக்குறைய 16.5 விழுக்காடு இருப்பதால் அது ஒன்று மறுத்தாலே போதும், நடக்காது. அவசரம் ஏழை நாட்டுக்கு, அதிகப் பங்கு பணக்கார நாட்டுக்கு என்பதும் பங்களவு என்று எழுதியவுடனே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். ஒதுக்கீடு என்று எழுதினால் நம் ஊரில் நேர்மாறாகத்தான் புரியும். ஒதுக்கீடு என்றால் நமக்குப் பின்தங்கியவருக்குக் கிடைப்பது.

'தனி' மட்டும் வேண்டாம். தனியுரிமை என்றால் ஒருவருக்கே உரியது என்று ஆகிவிடும். இதுவோ நிதியத்தின் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் உரியது.

துபாய், சரக்குப் போக்குவரத்து, வியாழன் காலை

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 2022இல் ஊருக்கு வரும்போது ஒரு விமான நிறுவனம் என் பெட்டியைத் தொலைத்துவிட்டது. பெயர் வேண்டாம். அம்மாவுக்கு வாங்கிய காது கேட்கும் கருவி அதில் இருந்தது. அவர்கள் நீட்டிய தாளில் இழப்பீட்டு வரம்பு 1,288 எஸ்டிஆர் என்று இருந்தது. அது ரூபாயா டாலரா என்று கவுண்டரில் இருந்தவருக்கும் தெரியவில்லை. பன்னாட்டு விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கை வைத்த வரம்பு அது. 2024 டிசம்பர் 28 முதல் 1,519 ஆகியிருக்கிறது. சூயஸ் கால்வாய்க் கட்டணமும் எஸ்டிஆரில்தான். எனவே இது பொருளியல் வகுப்புக்கு மட்டுமான சொல் இல்லை. தொகைக்குப் பக்கத்தில் எழுதும்படி குட்டையாக இருக்க வேண்டும். '1,519 சிறப்பு எடுப்பனவு உரிமை' என்று பெட்டி தொலைத்தவன் கையில் கொடுத்தால் என்ன செய்வான்?

சென்னை, கணினித் துறை, வியாழன் காலை

அதனால்தான் எஸ்டிஆர் என்றே விட்டுவிடலாம் என்கிறேன். வங்கியிலும் விமான நிலையத்திலும் அவர் பார்க்கப்போவது அந்த மூன்று எழுத்துதான்.

தஞ்சைப் புலவர், வியாழன் மதியம்

ஐக்கிய நாடுகள் என்று முதலில் தமிழில் சொன்னோம், அப்புறம் ஐ.நா. தானாக வந்தது. இன்று எந்தச் சிற்றூரிலும் ஐ.நா. என்றால் தெரியும். சொல்லே இல்லாமல் சுருக்கம் வராது தம்பி. இன்று எஸ்டிஆர் என்று விட்டால் நாளைக்கு அடுத்ததையும் விட வேண்டும். தமிழில் வேற்றுமை உருபுகள் மட்டும்தான் மிஞ்சும்.

மதுரை, மொழிபெயர்ப்பாளர், வியாழன் மாலை

சேந்துரிமையைத் திரும்பப் பெறுகிறேன், கிணறு இல்லாததால். எடுப்புரிமைக்கு என் வாக்கு.

கோவை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், வியாழன் மாலை

திங்கள் மதியமே சொன்னேன். எடுப்புரிமை.

சேலம், பொருளியல் ஆய்வாளர், வியாழன் இரவு

சரி, எடுப்புரிமை. தொகைக்குப் பக்கத்தில் சி.எ.உ. என்று போட்டுக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்து உறுப்பினர், வியாழன் இரவு

எடுப்புரிமை எண்டாலும் எங்கட ஆட்களுக்கு விளங்கும். ஆனால் அடைப்புக்குறிக்குள்ளாவது எடுப்பனவு இருக்கட்டும். இரண்டு கரையிலும் படிக்கிற பிள்ளைகள் ஒருவர் எழுதியதை மற்றவர் தேடிக் கண்டுபிடிக்க வேணும்.

திருவண்ணாமலை ஆசிரியை, வெள்ளி காலை

அனைவருக்கும் நன்றி. இப்போதுதான் அனுப்பினேன். முதல் முறை வரும் இடத்தில் 'சிறப்பு எடுப்புரிமை (இலங்கை வழக்கில் எடுப்பனவு உரிமை)', அடுத்து எஸ்டிஆர், பிறகு முழுவதும் எடுப்புரிமை. சி.எ.உ. போடவில்லை, பிள்ளைகள் தேர்வில் அதை மட்டும் எழுதிவிட்டு விளக்காமல் விடுவார்கள். பங்களவும் வகுத்தளிப்பும் புலவர் ஐயா சொன்னபடியே. சீட்டு, பக்கத்து வீட்டுக் கிணறு இரண்டையும் ஒரு பத்தியாகச் சேர்த்திருக்கிறேன்.

தஞ்சைப் புலவர், வெள்ளி இரவு

மகிழ்ச்சி அம்மா. வரைவுரிமையை நான் விடவில்லை என்பதை மட்டும் இங்கே பதிந்து வைக்கிறேன். வரைவோலையை எடுப்போலை என்று யாரும் மாற்றவில்லையே. கோவை ஐயா இதற்கு என்ன சொல்கிறார்?