வெஸ்டாவில் இறங்கிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? அனுபவத்தைப் போடுங்கள்

உப்புவெளிக்காரன்

கணினியில் விண்கலம் ஓட்டிப் பார்க்கிற ஓர்பிட்டர் சிமுலேட்டர் வைத்திருக்கிறவர்கள் முதலில் சந்திரனுக்குப் போவார்கள், அப்புறம் செவ்வாய்க்கு. அதோடு முக்கால்வாசிப் பேருக்கு அலுத்துவிடும். என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவிலுள்ள சிறுகோள் பட்டையில் வெஸ்டாவுக்குப் போய்ப் பாருங்கள் என்றுதான். வெஸ்டாவோ வேறு சிறுகோளோ, எந்த மென்பொருளில் என்றாலும் சரி, பார்த்ததை இங்கே எழுதுங்கள். முதலில் என்னுடையது.

வெஸ்டாவின் சராசரி விட்டம் 525 கி.மீ. பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை இலங்கையின் நீளமே 430 கி.மீ. சொச்சம்தான், ஆகவே சின்னக் கல் என்று நினைக்க வேண்டாம். ஆனால் அங்குள்ள ஈர்ப்பு பூமியில் உள்ளதில் நாற்பதில் ஒரு பங்கு. 50 கி.மீ. உயரத்தில் சுற்றும்போது என் டெல்டா கிளைடர் கப்பலின் வேகம் விநாடிக்கு 235 மீட்டர் அளவில் நின்றது. கட்டுநாயக்கவில் ஏறிப் போகிற பயணிகள் விமானம்கூட உயரப் போனதும் அதைவிடக் கொஞ்சம் வேகமாகப் பறக்கும்.

இறங்குகிற நேரம்தான் கூத்து. சந்திரனில் இறங்கிப் பழகிய கை கப்பலை மேலே தூக்கும் ஹோவர் எஞ்சினைக் கொஞ்சம் கூட அழுத்திவிடும். விநாடிக்கு 5 மீட்டர் வேகம் மேல்நோக்கிக் கிடைத்தால் போதும், கப்பல் 50 மீட்டர் ஏறி, திரும்பித் தரைக்கு வர 40 விநாடி எடுக்கும். அந்த 40 விநாடியும் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். பொறுமையில்லாமல் கீழ்நோக்கி உந்தினால் கப்பலின் காலை உடைத்துக்கொள்வீர்கள். இன்னொன்று, வெஸ்டா 5 மணி 20 நிமிடத்தில் ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது. நடுக்கோட்டில் தரையே விநாடிக்கு 90 மீட்டர் அளவில் ஓடுகிறது. அது சுற்றுகிற பக்கமாகவே வந்து இறங்கினால் குறைக்க வேண்டிய வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். எதிர்ப்பக்கமாக வந்தால் அதே அளவு கூடுதல் செலவு.

சரி, இறங்கியாயிற்று. இறங்கியது எந்த வெஸ்டாவில்? 1807இல் ஒல்பர்ஸ் கண்டுபிடித்த நாளிலிருந்து இருநூறு வருடத்துக்கு அது வானத்தில் ஒரு புள்ளி. ஹபிள் தொலைநோக்கி எடுத்த மங்கல் படங்களில் தென்பக்கம் பெரிய பள்ளம் ஒன்று இருப்பது 1997இல் தெரியவந்தது, அவ்வளவுதான். டோன் விண்கலம் 2011 ஜூலையில் போய்ச் சேர்ந்த பிறகே முகம் தெரிந்தது. அதற்கு முன் செய்யப்பட்ட வெஸ்டா சேர்ப்பு (ஓர்பிட்டரில் கூடுதலாகப் போடுகிற பொதி) ஒன்று என் பழைய லப்டொப்பில் இருந்தது. சாம்பல் நிற உருண்டை, மேலே யாரோ கற்பனையில் தூவிய குழிகள். நான் ஆசை ஆசையாய் இறங்கிய அந்தச் சமவெளி உலகத்தில் எங்கேயும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை, அன்றைக்குக் கையில் இருந்த தரவு அவ்வளவு.

பாலையூற்று

அண்ணா, எனக்கு ஓர்பிட்டர் ஓட்டப் பொறுமை இல்லை, நான் செலஸ்டியா ஆள், விண்வெளியைச் சுற்றிப் பார்க்கிற மென்பொருள் அது. எண்டர் அழுத்தி, பெயரை அடித்து, திரும்ப எண்டர், பிறகு ஜி. ஆள் அங்கே நிற்பார். எரிபொருளும் இல்லை, கணக்கும் இல்லை. நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான மன்றப் பிள்ளைகளுக்கு புரொஜெக்டரில் போட்டுக் காட்டினேன். சனியின் வளையங்களுக்கு ஒரு ஓ போட்டார்கள். அடுத்ததாக ஐடா என்ற சிறுகோளைக் காட்டியதும், மைதானத்தில் மேய்ந்த மான்களை யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த கடைசி வாங்குக்காரரும் திரும்பிவிட்டார்கள். ஒரு பெடியன் எழும்பி, "மிஸ், வத்தாளங்கிழங்கு!" என்றான். பிறகு வகுப்பைக் கட்டுப்படுத்த முடியவில்லை.

ஐடா ஏறத்தாழ 60 கி.மீ. நீளம், அகலம் 25 கி.மீ. அளவில். ஏன் உருண்டையாக இல்லை என்று ஒரு பிள்ளை கேட்டாள், அது நல்ல கேள்வி. பாறையை எல்லாப் பக்கமிருந்தும் மையத்துக்கு இழுத்து உருட்ட ஈர்ப்பு பலமாக இருக்க வேண்டும், ஐடாவின் சொற்ப எடைக்கு அது ஏலாது. 940 கி.மீ. அளவுள்ள செரஸ் உருண்டையாகிவிட்டது. வெஸ்டா அந்தப் பக்கமும் இல்லாமல் இந்தப் பக்கமும் இல்லாமல் நடுவில் நிற்கிறது.

ஐடாவுக்குப் பக்கத்தில் டாக்டில் என்று ஒரு குட்டிச் சந்திரன் உண்டு, ஒன்றரை கி.மீ. அளவு. கலிலியோ விண்கலம் 1993 ஆகஸ்ட் 28இல் கடந்து போகும்போது எடுத்த படத்தில் சிக்கியது. கலத்தின் பெரிய அன்டெனா விரியாததால் படங்கள் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தன, அதனால் டாக்டிலைக் கண்டுபிடிக்க 1994 பெப்ரவரி ஆகிவிட்டது. ஒரு சிறுகோளுக்குச் சந்திரன் இருப்பதற்கு முதல் நிச்சயமான சாட்சி அதுதான். கலிலியோ போன பாதை டாக்டிலின் சுற்றுத் தளத்தோடு கிட்டத்தட்ட ஒட்டியே இருந்ததால் சுற்றுப்பாதையைச் சரியாகக் கணிக்க முடியவில்லை. செலஸ்டியாவில் அது அழகாக வட்டமடிக்கிறது, பிள்ளைகள் கைதட்டினார்கள். "அந்தக் கோடு ஒரு ஊகம்" என்று நான் சொன்னது கைதட்டில் யாருக்கும் கேட்டிருக்காது.

மூதூர் தம்பி

நான் கேர்பல் என்ற ரொக்கெட் விளையாட்டு விளையாடுகிற ஆள் அண்ணை. அதில் சிறுகோள் பட்டைக்குப் பதிலாக டிரெஸ் என்று ஒன்று இருக்கிறது, ஆரம் 138 கி.மீ. ஒருவரும் போகமாட்டார்கள், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சொல்வதே விளையாடுகிறவர்களின் பகிடி. நான் போனேன். ஒரு பெரிய பிளவுப் பள்ளத்தாக்கு, மிச்சமெல்லாம் சாம்பல். திரும்பி வர எரிபொருள் காணாது. என் பச்சைப் பயணிகள் இன்னும் அங்கேதான்.

சீனன்குடா

உப்புவெளித் தம்பி முகத்தைப் பற்றிச் சொன்னது சரி. உடம்பைப் பற்றி நான் சொல்கிறேன்.

வெஸ்டா உருண்டை இல்லை. டோன் அளந்தபடி 573, 557, 446 கி.மீ. சிமுலேட்டர் அதை 262 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாக வைத்தால் என்ன நடக்கும்? துருவத்தில் நிசமான தரை மையத்திலிருந்து 223 கி.மீ. அளவில். அப்படியென்றால் துருவத்தில் இறங்கி எஞ்சினை நிறுத்துகிறவர் உண்மையில் 40 கி.மீ. உயரத்தில் வெறும் வெளியில் நிற்கிறார். நடுக்கோட்டில் இறங்குகிறவரோ 20 கி.மீ. ஆழத்தில் பாறைக்குள் புதைந்திருக்கிறார். இரண்டு இடத்திலும் கருவி என்னவோ உயரம் பூச்சியம் என்றுதான் காட்டும்.

டோன் எடுத்த படங்களிலிருந்து செய்த வரைபடத்தை அந்த உருண்டையில் ஒட்டியும் பார்த்தேன். தூரத்திலிருந்து கண்ணைப் பறிக்கும். மார்சியா, கல்பூர்னியா, மினூசியா என்று ஒட்டிக்கொண்டிருக்கும் மூன்று குழிகளும் அப்படியே இருக்கும். கிட்டப் போனால் குழியின் நிழல் படத்திலேயே அச்சாகியிருக்கிறது. சூரியன் இந்தப் பக்கம் வந்த பிறகும் நிழல் பழைய பக்கமே விழுந்து கிடக்கும். தெற்கே ரியாசில்வியா என்ற பெரும்பள்ளம், குறுக்களவு 500 கி.மீ., நடுவில் 20 கி.மீ.க்கு மேல் உயர்ந்த மலை. ஒட்டுப்படத்தில் அந்த மலையின் மேலால் தரையோடு தரையாக ஓடலாம், ஒன்றும் தட்டாது. 2016 பதிப்பிலிருந்து ஓர்பிட்டரில் நிலத்தின் உயர வேறுபாட்டைச் சேர்க்க வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்திய சேர்ப்பைத் தேடிப் போடுங்கள்.

ஈர்ப்பு இதைவிடச் சுவாரசியம். டோன் 680 கி.மீ. உயரத்திலிருந்து 210 கி.மீ.க்கு இறங்கியது. நடுவில் ஓரிடத்தில், கணக்குப் போட்டால் ஏறத்தாழ 280 கி.மீ. உயரத்தில், சுற்றுக்காலமும் வெஸ்டாவின் சுழற்சியும் ஒன்றாகிவிடும், இரண்டும் 5 மணி 20 நிமிடம். அப்போது வெஸ்டாவின் கனத்த பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் நின்று விண்கலத்தை இழுக்கும். பாதை கோணலாகும், அங்கேயே மாட்டிக்கொள்ளவும் கூடும். டோனின் அயன் எஞ்சினோ உச்ச வலுவிலும் ஒரு நியூட்டனில் பத்தில் ஒரு பங்குகூடத் தள்ளாது, ஒரே மூச்சில் தாண்டவும் முடியாது. குழுவினர் முன்கூட்டியே உட்கார்ந்து கணக்குப் பார்த்தே கடந்தார்கள். நான் ஓர்பிட்டரில் அதே இடத்தைக் கடந்தபோது கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். ஈர்ப்பு முழுவதையும் மையத்தில் ஒரு புள்ளியாக வைத்தால் கனத்த பக்கம் ஏது, மெலிந்த பக்கம் ஏது?

அயன் எஞ்சினைப் போட்டு ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது நேரத்தை ஒரு லட்சம் மடங்குக்கு விரைவுபடுத்தாதீர்கள். கணிப்பின் ஒவ்வொரு எட்டும் பெரிதாகி, பாதை நம்ப முடியாததாகிவிடும்.

நிலாவெளி

நீங்கள் எல்லோரும் திரையில் பார்த்ததை நான் வானத்தில் பார்த்திருக்கிறேன். 2018 ஜூனில் வெஸ்டா வானத்தில் சூரியனுக்கு நேர் எதிர்ப்புறம் வந்து 5.3 அளவு பிரகாசத்துக்கு ஏறியது, இருட்டான இடத்தில் வெறுங்கண்ணுக்கே எட்டும் அளவு. நமக்கு ஜூன் என்றால் கச்சான் காலம், கிழக்குக் கரையில் வானம் துடைத்து வைத்தது மாதிரி. தனுசு ராசிப் பக்கம், சனியும் அங்கேதான் நின்றது. ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட மென்பொருளில் இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு அமாவாசையை ஒட்டிக் கடற்கரைக்குப் போனேன். வெளிச்சம் போட்டு மீன் பிடிக்கிற படகுகள் கிழக்கே கொஞ்சம் தொல்லை, தெற்கே பரவாயில்லை. பைனாகுலரில் ஒரு நட்சத்திரம் மாதிரித்தான் தெரியும், வித்தியாசமே இல்லை. அன்றைக்குத் தெரிந்த புள்ளிகளைத் தாளில் குறித்துவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து அதே இடத்தைப் பாருங்கள். இடம் மாறிய புள்ளி எதுவோ அதுதான் வெஸ்டா.

மூதூர் தம்பி

சீனன்குடா அண்ணை, என்னுடையது 4 ஜிபி லப்டொப். ஓர்பிட்டர் ஓடுமா? அப்படியே அந்த நிலம் ஏற்றத்தாழ்வோடு வருகிற வெஸ்டா கிடைத்தால் இங்கே சொல்லுங்கள்.

உப்புவெளிக்காரன்

ஓடும் தம்பி. 2021இல் ஓர்பிட்டரின் மூலநிரலையே திறந்து விட்டுவிட்டார்கள், இலவசம்தான். ஆனால் பூமி, சந்திரன், செவ்வாய்க்கான உயர்தரப் படங்களை இப்போது இறக்காதே, பல பத்து ஜிபி போய்விடும். அடிப்படைப் பொதியை மட்டும் இரவு டேட்டாவில் இறக்கு. முதலில் சந்திரனில் இரண்டு தரம் ஒழுங்காக இறங்கிப் பழகு, பிறகு வெஸ்டாவைப் பற்றிக் கதைப்போம்.