நீரின் அயனித்தன்மைக் கணக்கு: ரெண்டு வழியில் ரெண்டு விடை வருது, எங்கே இடிக்குது?

சோதனைக்குழாய் (கேள்வி):
நீரில் இருக்கும் ஓ–எச் பிணைப்புக்கு எத்தனை சதவீதம் அயனித்தன்மைன்னு கண்டுபிடிக்கணும். எலக்ட்ரான் கவர்தன்மை வேறுபாடு 3.44 − 2.20 = 1.24. பாலிங் சமன்பாட்டில் (கவர்தன்மை வேறுபாட்டை வைத்து அயனித்தன்மையைக் கணிக்கும் சூத்திரம்) போட்டா 31.9% வருது. இருமுனை திருப்புத்திறன் (மின்சுமைகள் எவ்வளவு பிரிஞ்சு நிற்குதுன்னு காட்டும் அளவு, அலகு டிபை) வழியில், நீருக்கு அளந்த 1.85 டிபையை, பிணைப்பு முழுக்க அயனியா இருந்தா வரும் 4.60 டிபையால் வகுத்தேன் (பிணைப்பு நீளம் 0.958 ஆங்ஸ்ட்ராம் × 4.803 = 4.60). 40.2% வருது. இவ்வளவு வித்தியாசம் தசமத்தைச் சுருக்கினதால வந்திருக்காது. கூடவே இன்னொரு சந்தேகம்: "நீரில் உள்ள பிணைப்பு எது?"ன்னு கேட்டா ஒரு விடைக்குறிப்பில் சகப்பிணைப்பு, இன்னொண்ணில் ஹைட்ரஜன் பிணைப்புன்னு இருக்கு. எதை எழுதணும்?

பிப்பெட்:
4.60 சரி. 1.85-ஐ அப்படியே மேலே வைத்ததுதான் சிக்கல். அது முழு மூலக்கூறின் திருப்புத்திறன். ஒரு பிணைப்புக்கு உரியது இல்லை. ரெண்டு ஓ–எச் பிணைப்பும் 104.5° கோணத்தில் நிற்கின்றன, அவற்றின் வெக்டர் கூட்டுத்தொகைதான் 1.85. அதனால் முதலில் ஒரு பிணைப்பின் பங்கைப் பிரிக்கணும்:

பிணைப்பின் திருப்புத்திறன் = 1.85 ÷ (2 × கொசைன் 52.25°)

52.25° என்பது 104.5°-இல் பாதி. மூலக்கூறின் சமச்சீர் அச்சுக்கும் ஒவ்வொரு பிணைப்புக்கும் இடையே இருப்பது அந்தப் பாதிக் கோணம்தான். 1.85-ஐ வெறும் 2-ஆல் வகுப்பவர்களும் உண்டு. ரெண்டு பிணைப்பும் ஒரே திசையில் இருந்தால்தான் அது செல்லும்.

சோதனைக்குழாய்:
போட்டுப் பார்த்தேன், −2.30 டிபை வருது. மைனஸ் எப்படி?

பிப்பெட்:
கால்குலேட்டர் ரேடியனில் நிற்குது. டிகிரிக்கு மாற்றுங்க. கொசைன் 52.25° = 0.612, ஆகவே 1.85 ÷ 1.224 = 1.51 டிபை. 1.51 ÷ 4.60 = 32.8%. ஒருவேளை −3.69 வந்திருந்தா கோணத்தைப் பாதியாக்காம 104.5°-ஐயே போட்டிருக்கீங்கன்னு அர்த்தம். இந்த ரெண்டு எண்ணையும் பார்த்த உடனே தப்பு எங்கேன்னு சொல்லிடலாம்.

சரிபார்க்க இன்னொரு வழி: 1.85-இன் வர்க்கத்தை 2 × (1 + கொசைன் 104.5°)-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்க. அதுவும் 1.51 தரணும்.

தராசு:
கணக்கு சரி. ஆனா 31.9-உம் 32.8-உம் பக்கத்துல வந்துட்டதால ரெண்டு முறையும் ஒரே விஷயத்தை அளக்குதுன்னு நினைச்சுடாதீங்க. ஹைட்ரஜன் ஃபுளூரைடுக்குப் போட்டுப் பாருங்க: 1.83 டிபை, 0.917 ஆங்ஸ்ட்ராம், அதாவது சுமார் 41.5%. கவர்தன்மை வேறுபாடு 1.78-ஐ வைத்து பாலிங் சமன்பாடு தருவதோ 54.7%. கோணமே இல்லாத ஈரணு மூலக்கூறிலேயே இவ்வளவு இடைவெளி. நீரில் பொருந்தியது தற்செயல்னுதான் சொல்வேன்.

முக்கியக் காரணம் பிணைப்பில் சேராத தனித்த எலக்ட்ரான் இரட்டைகள். அளந்த 1.85-இல் ஆக்சிஜனின் ரெண்டு தனித்த இரட்டைகளின் பங்கும் கலந்திருக்கு. நாம மொத்தத்தையும் பிணைப்புகள் தலையில் கட்டிவிடுறோம். அமோனியாவின் திருப்புத்திறன் 1.47 டிபை, நைட்ரஜன் டிரைஃபுளூரைடுக்கு 0.23 மட்டுமே. கவர்தன்மை வேறுபாடு ரெண்டிலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான் (0.84, 0.94). முதலாவதில் தனித்த இரட்டை பிணைப்புகளோடு ஒரே திசையில் சேருது, ரெண்டாவதில் எதிர்த்து நிற்குது.

இதே காரணத்தால 32.8%-ஐ வைத்து ஹைட்ரஜன் மேல +0.33 மின்சுமைன்னு எழுதினா "இந்த மாதிரிக்கணக்கின்படி"ன்னு சேர்த்து எழுதுங்க. திரவ நீரைக் கணினியில் உருவகப்படுத்தும் எஸ்பிசி-ஈ மாதிரியில் அது +0.4238. திரவத்தில் அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் ஒன்றையொன்று முனைவுறச் செய்யும், 1.85 என்பது தனி மூலக்கூறின், அதாவது வாயு நிலையின், மதிப்பு.

கரைசல்:
ரெண்டாவது சந்தேகத்துக்கு வர்றேன். கேள்வியில் "மூலக்கூறுக்குள்" அல்லது "ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே" என்று இருந்தால் முனைவுற்ற சகப்பிணைப்பு. "மூலக்கூறுகளுக்கு இடையே" என்றால் ஹைட்ரஜன் பிணைப்பு. எதுவும் சொல்லாமல் மொட்டையாகக் கேட்டால் முனைவுற்ற சகப்பிணைப்பு என்று எழுதி, ஹைட்ரஜன் பிணைப்பை அடுத்த வரியில் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

அளவு தெரிந்தால் குழப்பம் வராது. ஓ–எச் பிணைப்பை உடைக்கச் சராசரியாக மோலுக்கு 463 கிலோஜூல் வேண்டும். ஒரு மூலக்கூறில் ரெண்டு, ஆக 926. நீரைக் கொதிநிலையில் ஆவியாக்க 40.7 கிலோஜூல் போதும். ஆவியாகும்போது சகப்பிணைப்பு உடைகிறது என்று எழுதினால் ஏன் மதிப்பெண் போகிறது என்பது இந்த ரெண்டு எண்ணிலேயே தெரியும்.

ஹைட்ரஜன் பிணைப்பின் வலிமையைத் தோராயமாக எடுக்க ஐஸ் வசதியானது. ஒவ்வொரு மூலக்கூறையும் சுற்றி நான்கு ஹைட்ரஜன் பிணைப்புகள். ஒவ்வொன்றும் ரெண்டு மூலக்கூறுக்குப் பொது என்பதால் மூலக்கூறுக்கு ரெண்டு. ஐஸ் பதங்கமாக (உருகாமல் நேரே ஆவியாக) மோலுக்குச் சுமார் 51 கிலோஜூல். பாதி எடுத்தால் 25. வாண்டர்வால்ஸ் விசையின் பங்கும் உள்ளே இருப்பதால் இது ஒரு மேலோட்டமான மதிப்பு. இங்கே நான்கால் வகுத்து 13 என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு.

சோதனைக்குழாய்:
அப்போ ஐஸ் உருகும்போது இந்தப் பிணைப்பு எல்லாமே உடையுதா?

கரைசல்:
இல்லை. உருகல் வெப்பம் 6.01 கிலோஜூல்தான், 51-இல் சுமார் 12%. பெரும்பகுதி திரவத்திலும் இருக்கிறது, நொடிக்கு நொடி ஆள் மாறிக்கொண்டே.

சோதனைக்குழாய்:
புரிஞ்சுது. இதே முறையில் ஹைட்ரஜன் சல்ஃபைடு செய்து பழகலாமா?

பிப்பெட்:
தாராளமா. 0.97 டிபை, 92.1°, 1.336 ஆங்ஸ்ட்ராம். பிணைப்புக்கு 0.70 டிபையும் 10.9 சதவீதமும் வரணும். பாலிங் சமன்பாடு 3.5% தான் தரும் (வேறுபாடு 0.38), தராசு சொன்ன இடைவெளிதான் அது, கோணத்தைப் போய் மறுபடி நோண்டாதீங்க.