பண்ணைச் சுற்றுலா: ஒரே குழாயில் 40 பிள்ளைகள் கை கழுவ வேண்டும்

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேரைப் பண்ணைக்கு அழைத்துப் போகிறோம். ஆசிரியர்கள் நான்கு பேர். ஆட்டுக்குட்டிக்குத் தழை ஊட்டலாம், கன்றுக்குட்டியைத் தடவலாம். கன்று விரலைச் சப்ப ஆரம்பித்தால் பிள்ளைகள் நகரவே மாட்டார்கள். சிக்கல் அதற்கப்புறம்தான்: உடனே மதியச் சாப்பாடு, கொட்டகைப் பக்கம் இருப்பதோ ஒரே குழாய்.

சானிடைசர் போதும் என்கிறார்கள் பண்ணையில். போதாது. கன்றுகளிடமிருந்து தொற்றும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி சானிடைசரில் இருக்கும் ஆல்கஹாலுக்குச் சாகாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். வெட் வைப்ஸ் நகக்கண் அழுக்கை எடுக்கவில்லை. பள்ளியில் வரிசை கட்டி ஒத்திகையும் பார்த்தோம். வரிசை முடிவதற்குள் முன்னால் கழுவியவர்கள் மறுபடி மண்ணில் கை வைத்துவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தைத் தள்ளவும் வழியில்லை.

ஒரே குழாயை வைத்துக்கொண்டு, எல்லோரும் 20 நொடி சோப்புப் போட்டுக் கழுவுவதை அரை மணிக்குள் முடிக்க எப்படி ஏற்பாடு செய்யலாம்?