கதைப்புத்தகத்துப் பெண்ணும் நாங்களும்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

கொக்குவில் வாசகி

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஈழத்துச் சிறுகதைகள் சிலவற்றை எடுத்துக் கதைத்தோம். எல்லாம் பெண்களுக்கு நடக்கும் அநியாயம் பற்றியவை. முடிந்ததும் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர், "உதெல்லாம் அந்தக் காலம் பிள்ளை, இப்ப ஆர் உப்பிடி நடத்தினம்?" என்றார். அவர் அப்படிச் சொல்வதற்கு அந்தக் கதைகளே இடம் கொடுத்தன என்பதுதான் எனக்கு எரிச்சல். அவற்றில் வந்த ஆண்கள் ஒன்றில் குடிகாரர்கள், அல்லது அடிக்கிறவர்கள், அல்லது சீதனம் போதாதென்று தாயின் பேச்சைக் கேட்டு மனைவியைத் தள்ளிவைக்கிறவர்கள். ஐயா குடிப்பதில்லை, மனைவியை அடித்தவரும் இல்லை. ஆகவே கதை தன்னைப் பற்றியது இல்லை என்று நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அந்தத் தேத்தண்ணியைக் கதை நடுவில் எழும்பிப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தது கூட்டத்துக்கு வந்த பெண்கள். ஒரு ஆணும் எழும்பவில்லை.

நான் வாசித்த கதைகளில் இந்தத் தேத்தண்ணி வருவதே இல்லை. உங்களுக்கு எப்படி? புத்தகத்தில் வாசித்ததற்கும் நேரில் பட்டதற்கும் எவ்வளவு தூரம்? ஆட்களின் பெயரும் இடத்தின் பெயரும் வேண்டாம்.

மானிப்பாய் மருமகள்

என்னுடையது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா சீதனமாக எழுதித் தந்த இரண்டு பரப்புக் காணி இருக்கிறது. காணிப் பத்திரம், அதாவது உறுதி, என் பெயரில். தையல் கடை போடக் காசு தேவைப்பட்டபோது அதில் ஒரு பரப்பை விற்கலாம் என்று, உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் போனேன். தன்மையான மனிதர். கதிரையைத் துடைத்துவிட்டு இருக்கச் சொன்னார். உறுதியை விரித்து, எல்லைகளை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். கிழக்கே ஒழுங்கை, வடக்கே பக்கத்து வீட்டுக்காரரின் காணி, மேற்கே கிணற்றுப் பங்கு. எல்லாம் வாசித்து, "காணியிலை ஒரு வில்லங்கமும் இல்லைத் தங்கச்சி. அவர் எப்ப வருவார்?" என்றார்.

"ஆர்?"

"உங்கடை அவர்தான். அவரின்ரை ஒப்பம் இல்லாமல் எழுத ஏலாது."

அப்போதுதான் விளங்கியது. யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட, கலியாணம் கட்டிய பெண் தன் சொந்தக் காணியைக் கைமாற்றுவதென்றால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அது, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நகையை விற்க எவரையும் கேட்கத் தேவையில்லை. என் கணவர் தன் பரம்பரை முதுசக் காணியை விற்க என்னைக் கேட்கத் தேவையில்லை. கணவன் காரணமில்லாமல் மறுத்தாலோ, எங்கே இருக்கிறார் என்று தெரியாவிட்டாலோ நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம் என்றும் நொத்தாரிசே சொன்னார். சொல்லும்போது குரலில் ஒரு கூச்சம் இருந்தது. "சட்டம் அப்பிடித் தங்கச்சி, நான் என்ன செய்ய?"

என்னவர் கட்டாரில். அவரும் மறுக்கவில்லை. "உன்ரை காணி, நீ விரும்பினதைச் செய், என்னை ஏன் கேட்கிறாய்?" என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். அந்தக் குரலை நொத்தாரிசிடம் போட்டுக் காட்டினால் சிரித்தார். லீவு எடுத்து, தூதரகத்துக்குப் போய், தனக்குப் பதிலாக ஒப்பமிட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோர்ணித் தத்துவம் எழுதி அனுப்புவதற்குள் வாங்க இருந்தவர் கோண்டாவிலில் வேறு காணி பார்த்துவிட்டார்.

இதில் யாரைக் கோபிப்பது? நொத்தாரிசு நல்லவர். கணவர் நல்லவர். காணி வாங்க வந்தவரும் மரியாதையாகத்தான் பேசினார். கடை மட்டும் போட முடியவில்லை.

நான் வாசித்த கதைகளில் சீதனம் என்றால் கலியாணத்துக்கு முன்னால் வருகிற துன்பம். தகப்பன் கடன்படுவார், தமையன் வெளிநாட்டில் பனியில் நின்று உழைப்பார், அக்காமார் வயது போய் வீட்டில் இருப்பார்கள். தாலி கட்டியதும் சீதனக் கதை முடிந்துவிடும். கொடுத்த காணி பிறகு யாருடையது, அதை வைத்து அவளால் என்ன செய்ய முடிந்தது என்று எழுதிய ஒரு கதையும் இதுவரை என் கண்ணில் படவில்லை. யாராவது வாசித்திருந்தால் சொல்லுங்கள்.

ரியூட்டரி வாத்தியார்

ஆண் எழுதலாமா தெரியவில்லை. இருந்தாலும் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

சிலப்பதிகாரம் படிப்பிக்கும்போது பிள்ளைகள் எல்லோருக்கும் வழக்குரை காதை பிடிக்கும். சிலம்பை உடைக்கிற இடத்தில் பின்வாங்கில் இருக்கிற பெடியன்களும் நிமிர்ந்து இருப்பார்கள். ஒருநாள் ஒரு பிள்ளை எழும்பி, "சேர், பாண்டியனிட்டை இவ்வளவு கேட்டவ, கோவலனிட்டை ஏன் ஒண்டுமே கேட்கேல்லை?" என்றாள். முழு வகுப்பும் சிரித்தது. எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. கொலைக்களக் காதையை எடுத்து வாசித்துக் காட்டினேன். மதுரையில் மாதரி வீட்டில், கோவலன் சாப்பிட்டு முடித்த பிறகு, கண்ணகி அவனிடம் நேரே சொல்கிறாள்: "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்." நீங்கள் நடந்துகொண்ட முறை சரியில்லை என்று முகத்துக்கு முன்னால். அறவோர்க்கு அளிக்கவும் விருந்தை எதிர்கொள்ளவும் முடியாமல் தான் இழந்து நின்றதையும் சொல்கிறாள். சிலம்பை விற்க அவன் கடைத்தெருவுக்குப் போவது அதற்குப் பிறகுதான்.

கண்ணகி பற்றிப் பேச்சுப்போட்டிகளில் எத்தனை பேச்சுக் கேட்டிருப்பேன்! கற்புக்கரசி, பத்தினித் தெய்வம், மதுரையை எரித்தவள் எல்லாம் வரும். அரசனிடம் கோபப்பட்டால் வீரம் என்று கைதட்டுவோம், புருஷனிடம் சொன்ன மூன்று சொல்லை விட்டுவிடுவோம். அவள் தொடர்ந்து, உங்களை மறுக்காத மனம் உடையவள் ஆதலால் எழுந்து வந்தேன் என்றும் சொல்கிறாள், அதை மறைக்கவில்லை. ஆனால் முதலில் சொன்னதையும் சேர்த்துத்தானே படிக்க வேண்டும். இந்த இடத்தில் நான் இளங்கோவைக் குறை சொல்லமாட்டேன். அவர் எழுதியிருக்கிறார், நாங்கள்தான் வாசிப்பதில்லை.

நெல்லியடி

பருத்தித்துறை பஸ்ஸில் புத்தகம் வாசித்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த அம்மா, "சோதினையோ பிள்ளை?"

"இல்லையம்மா, கதைப்புத்தகம்."

கழுத்தைப் பார்த்தார். தாலிக்கொடி. "கலியாணம் கட்டின பிறகும் கதைப்புத்தகமோ?"

அவ்வளவுதான். அவரும் கெட்ட மனிசி இல்லை, இறங்கும்போது என் பையைத் தூக்கித் தந்தவர்.

உடுவில் பெரியம்மா

பிள்ளைகள் பழைய புத்தகங்களை இப்படி ஒரேயடியாக அடிக்கக் கூடாது. மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' எழுதியது 1914இல். யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர், கலியாணத்துக்குள் ஒரு பெண் படும் பாட்டை நாவலாக எழுதி அச்சில் போடுகிறார். பொறுமைதான் மருந்து என்று அந்தப் புத்தகம் சொல்வது எனக்கும் இன்றைக்கு உவப்பில்லை. கிறிஸ்தவப் போதனை அதில் தூக்கலாகவே இருக்கும். ஆனால் வீட்டுக்குள் நடப்பது வெளியில் சொல்லக் கூடியதே இல்லை என்று இருந்த ஊரில், அதைச் சொன்னதே பெரிய விஷயம். என் அம்மம்மா அந்தப் புத்தகத்தைச் சொல்லிச் சொல்லி அழுவார். தன் கதையைச் சொல்லி அவர் அழுது நான் பார்த்ததில்லை. புத்தகத்துப் பெண்ணுக்காக அழலாம், அதற்கு ஒருவரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

பொறுமையை விட்டு வேறு குரலில் பேசியதை நான் வாசித்தது 'சொல்லாத சேதிகள்' வந்தபோதுதான். 1986, பெண்கள் ஆய்வு வட்டம் போட்ட கவிதைத் தொகுப்பு. மெல்லிய புத்தகம். அதில் எழுதிய சிவரமணி 1991இல் தன் கவிதைகளை எரித்துவிட்டுத் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். இன்னொரு கவிஞர் செல்வியை அதே ஆண்டு புலிகள் இயக்கம் பிடித்துக்கொண்டு போனது, திரும்பி வரவே இல்லை. இந்த இருவரைப் பற்றியும் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சாவையும் சிறையையும்தான் எழுதுகிறார்கள். வீட்டைப் பற்றியும் கலியாணத்தைப் பற்றியும் அந்தத் தொகுப்பில் பெண்கள் எழுதியதை எத்தனை பேர் எடுத்துக் கதைக்கிறார்கள்? கொக்குவில் பிள்ளையின் வட்டத்தில் அடுத்த முறை அதை எடுங்கோ. தேத்தண்ணியை ஐயாவிடம் விடுங்கோ.

வன்னியிலிருந்து வந்தவள்

பெரியம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். போர் பற்றிய புத்தகங்களில் இயக்கப் பெண் ஒன்றில் வீராங்கனை, இல்லாவிட்டால் பாவப்பட்டவள். என் மச்சாள் இரண்டுமில்லை. போர் முடிந்து தடுப்பு முகாமிலிருந்து வந்து யாழ்ப்பாணத்தில் வாடகை வீட்டில் இருந்தபோது அவளுக்குக் கலியாணம் பேசினார்கள். வந்தவர்கள் கையில் இருந்த காயத்தைப் பார்த்தார்கள். சமைப்பாவோ, கையைத் தூக்கி வேலை செய்வாவோ என்று எங்களிடம் கேட்டார்கள். அவளிடம் கேட்கவில்லை. அவள் முன்னுக்கே இருந்தாள்.

இயக்கத்திலிருந்த தமிழினி இறந்த பிறகு 2016இல் அவரின் தன்வரலாறு 'ஒரு கூர்வாளின் நிழலில்' வந்தபோது, இதை உண்மையில் அவர்தான் எழுதினாரா என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. அதன் அரசியலோடு எனக்கும் சில இடங்களில் உடன்பாடில்லை. ஆனால் மகளிர் அரசியல்துறையை நடத்திய ஒருவருக்குத் தன் வாழ்க்கையைத் தானே எழுதத் தெரியாதா? இயக்கத்திலிருந்த ஆண்களும் நூல் எழுதியிருக்கிறார்கள். மனைவிதான் எழுதிக் கொடுத்திருப்பாள் என்று ஒருவரும் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

ரியூட்டரி வாத்தியார்

வன்னித் தங்கச்சி, அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

மானிப்பாய், உங்கள் நொத்தாரிசை நீங்களே ஒரு கதையில் வைத்து எழுதிப் பார்க்கலாமே. இவ்வளவு எழுதியவருக்கு அது கஷ்டமா?

மானிப்பாய் மருமகள்

தொடங்கிப் பார்த்தேன் சேர். எல்லைகளை வாசிக்கிற இடம் நன்றாக வந்தது. அவர் வாய் திறந்ததும் கதை கெட்டுப்போகிறது. கடுமையாகப் பேசவைத்தால் பொய். நல்லவராக விட்டால், வாசித்துப் பார்த்த தம்பி "பாவம் அந்த மனிசன்" என்கிறான். என் கடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை! இப்போதைக்கு நொத்தாரிசை எடுத்துவிட்டு, காணி வாங்க வந்தவரின் மனைவியின் பக்கத்திலிருந்து எழுதிப் பார்க்கிறேன். அவவும் அன்றைக்கு வெளியில் வாங்கில் இருந்தவ. அவவின் நகையை ஈடு வைத்த காசும் அந்த விலைக்குள் இருந்ததாம்.