காசநோய்க்குப் பிறகு அப்பாவின் எடை ஏற வழி சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு 58 வயது. காசநோய்க்கு 6 மாத மாத்திரை போன மாதம்தான் முடிந்தது. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை, சர்க்கரையும் இல்லை. ஆனால் 63 கிலோ இருந்தவர் இப்போது 46. பெல்ட்டில் ஆணியால் புதிதாக மூன்று ஓட்டை போட்டிருக்கிறார்.

அரசு தந்த ஊட்டச்சத்துப் பணத்தில் முட்டை, கடலை, பால் வாங்கினோம். நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. சரி என்று இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் உளுந்தங்களி, சத்துமாவுக் கஞ்சி என்று கொடுக்கிறேன். சாப்பாடு மட்டும் போதாது, தசைக்கு உழைப்பும் வேண்டும் என்று டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொன்னார். ஐந்தாவது தடவையே கால் நடுங்குகிறது.

இப்படி இளைத்து மீண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பசி எப்போது திரும்பியது? படி ஏற எத்தனை மாதம் ஆனது? டப்பா பவுடர் விளம்பரம் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.