புதுப்பிப்பு: ஏற்காடு தோட்டத்தில் மெட்டல் டிடெக்டர் ஓயாமல் கத்தியது, தீர்ந்தது

சித்தப்பாவின் காப்பித் தோட்டத்தில் எங்கே வைத்தாலும் டிடெக்டர் (மண்ணுக்குள் உலோகம் தேடும் கருவி) கத்துகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சென்சிட்டிவிட்டியைக் குறைத்து, அங்கேயே கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணின் சிக்னலைக் கருவி பொருட்படுத்தாதபடி சரிசெய்வது) செய்யச் சொன்ன யோசனைதான் பலித்தது. செம்மண்ணில் இரும்பு அதிகம், அதனால்தான் கத்தியிருக்கிறது. காயிலை, அதாவது கருவியின் அடியில் இருக்கும் தேடுதட்டை, தரைக்கு மேல் ஏற்றி இறக்கி, சத்தம் அடங்கும்வரை சரிசெய்ய வேண்டும். புதுக் காயில் தேவைப்படவில்லை.

கிடைத்தவை: தேய்ந்த மாட்டு லாடம், அப்புறம் 1835 என்று படிக்க முடிகிற கிழக்கிந்தியக் கம்பெனி காலணாக் காசு. பச்சைக் களிம்பைத் தேய்க்கவில்லை. 1878 புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், எழுதிக் கொடுக்கிறோம்.

எதிர்பாராதது காட்டெருமை! ஹெட்போன் மாட்டியிருந்ததால், மிளகுக்கொடிக்குப் பின்னால் அது செருமியது காதில் விழவில்லை. காவல்கார அண்ணன்தான் சட்டையைப் பிடித்து இழுத்தார். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் கால்கள். ஓடாமல் மெல்லப் பின்வாங்கினோம். தோட்டத்தில் தேடுகிறவர்கள் ஒரு காதையாவது திறந்து வையுங்கள்.